ஏழு மதிப்பெண் வினா

நாற்பத்திரண்டு விடைத்தாள்.
மார்சிலிங் கோப்பிக்கடையின் மின்விசிறி
என் பக்கம் திரும்பும்போதெல்லாம்
கோப்பையைத் தூக்கி அவற்றின்மேல் வைக்கிறேன்.
பழுப்பு வட்டங்களோடுதான் திரும்பிப் போகும் இவை.

ஆறாம் வினா நான் எழுதியது:
குடும்ப வருமானம் ஒரு மாணவரின் கல்வியை
எவ்வாறு பாதிக்கிறது? விளக்குக.
பொதுவாகச் சொன்னால் நிலை ஒன்று.
எடுத்துக்காட்டு தந்தால் இரண்டு.
காரணம் காட்டி, வினாவோடு முடிச்சுப் போட்டால் மூன்று.

கெய்ட்லின் டான் முடிச்சை அழகாகப் போட்டிருக்கிறாள்.
"இதன் விளைவாக" என்று தொடங்கும் கடைசிப் பத்தி
இன்னும் ஐந்து தாள்களில் வருகிறது,
அதே இடத்தில், அதே கால்புள்ளியோடு.
ரயில் நிலையத்துக்கு எதிரே ஏதோ ஒரு மாடியில்
சனிக்கிழமைதோறும் யாரோ கற்றுத்தருகிறார்கள்,
ஏழைப் பிள்ளைகளுக்கு டியூஷன் கிடைப்பதில்லை என்பதை
ஏழு மதிப்பெண்ணுக்கு எழுதுவது எப்படி என்று.
ஏழு போட்டேன்.
அவள்மேல் என்ன தப்பு?

கைருல் ஹக்கிம் ஐந்து வரி.
காலங்கள் குழம்பிய ஆங்கிலம்.
நானும் அண்ணனும் முறை வைத்துத் தூங்குகிறோம்.
அவனுக்கு இரவு வேலை.
அவன் வந்தால் நான் எழுந்துகொள்வேன்.
அதனால்தான் தினமும்
பள்ளிக்கு முதலில் வருகிறேன்.

போன தவணை அவனுக்கு
நேரந்தவறாமைச் சான்றிதழ் கொடுத்தோம்.
கைதட்டச் சொல்லி முதலில் தட்டியது நான்.

பிப்ரவரியில் மண்டபத்தில் அந்த விளையாட்டு.
எல்லாரும் ஒரே கோட்டில் நில்லுங்கள்.
சொந்த அறை உள்ளவர் ஓரடி முன்னே.
வெளிநாட்டு விடுமுறை, ஓரடி.
வீட்டில் அமைதியாகப் படிக்க மேசை, இன்னும் ஓரடி.
ஒவ்வொன்றுக்கும் நடந்தான் கைருல்,
கொஞ்சமும் தயங்காமல்.
முடிவில் கெய்ட்லினுக்குப் பக்கத்தில் நின்று
பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான்.
நம் வகுப்பில் இடைவெளி அவ்வளவு இல்லை என்று
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் நான்,
சொந்த அறையில்.

முப்பது பேர் பார்க்கப் பொய் சொல்லிவிட்டு
ஒருவர் மட்டும் படிக்கும் தாளில்
உண்மையை எழுதியிருக்கிறான்.
அட்டவணையை எத்தனை தரம் மடித்துப் பிரித்தாலும்
அதற்கொரு நிலை இல்லை.

திருமதி ஓங்கிடம் கொண்டுபோனேன்.
"எடுத்துக்காட்டு நல்லா இருக்கு. விளக்கம் எங்கே?
சீக்கிரம் வருவது பாதிப்பா?
இவனுக்குக் கூட்டினால் மற்ற ஐந்து வகுப்புக்கும் கூட்டணும்."
நியாயம்தான்.
எல்லாருக்கும் ஒரே அளவுகோல்.
இரண்டாம் பாடத்தில்
அந்த ஒரே அளவுகோலைத்தான்
கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மூன்று போட்டேன்.
ஓரத்தில், எல்லாத் தாளிலும் எழுதுவதுபோல்,
சிவப்பில் ஒற்றைச் சொல்: ஏன்?
காரணத்தை விரித்து எழுது என்று அர்த்தம்.
நானும் அண்ணனும் முறை வைத்துத் தூங்குகிறோம்
என்ற வரிக்கு நேரே
அது எப்படிப் படிக்கும் என்று யோசிக்கவில்லை.

திருத்தங்களோடு தாள்கள் திரும்பி வந்தன.
என் ஏனுக்குக் கீழே, பென்சிலில், பணிவாக:
மெத்தை ஒன்றுதான், டீச்சர்.

இது காரணமா எடுத்துக்காட்டா?
மதிப்பெண் பதிவு புதன்கிழமையே மூடிவிட்டது.
டிக் போடவில்லை. அழிக்கவுமில்லை.

அண்ணன் ஐந்தரைக்கு வருகிறான்.
பள்ளிக் கதவு ஆறரைக்குத்தான் திறக்கிறது.
நடுவில் எங்கே இருப்பான் என்று
காவலர் மணியத்திடம் இன்று கேட்டேன்.
எதிர்ச் சாரி பேருந்து நிறுத்தத்தைக் காட்டினார்.
யாரும் படுத்துவிடாதபடி
இருக்கைக்கு இருக்கை கம்பி வைத்திருக்கிறார்கள் அங்கே.
உட்கார்ந்தே தூங்குவானாம்,
பையை மடியில் வைத்து,
ஒவ்வொரு பேருந்துக்கும் கண் திறந்து,
ஓட்டுநரைப் பார்த்து
வேண்டாம் என்று கையசைத்து.